என் தராசில் ஒரு கோடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், முப்பத்தோரு வருடமாக மளிகைக்கடை வைத்திருப்பவள் நான். வயது 64. உங்கள் பத்திரிகை தினமும் ஆறு பிரதி என் கடைக்கு வருகிறது. ஐந்து விற்கும், ஒன்றை நான் வைத்துக்கொள்வேன். கொஞ்ச நாளைக்கு முன்பு வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், கடைக்காரர்கள் எடையில் ஏமாற்றுகிறார்கள், அதுவும் சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே ஏமாற்றுகிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். என் கல்லாவுக்கு மேலே இயேசுவின் திரு இருதயப் படம் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அந்தக் கடிதத்தைப் படித்தேன். அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பெயரும் முகவரியும் உங்களிடம் இருக்கட்டும், அச்சில் போட வேண்டாம். என் வாடிக்கையாளர்கள் சிலரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர்கள் யார் என்று ஊர் கண்டுபிடிக்கக் கூடாது.

என்னுடையது ஸ்பிரிங் தராசு. ஐந்து கிலோ வரை நிறுக்கலாம். முகத்தில் 20 கிராமுக்கு ஒரு கோடு. 2025 ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு பெருமழைக்குக் கூரை ஒழுகி, சாமான்களை ஒதுக்கும்போது அது மேசையிலிருந்து விழுந்தது. தட்டு நசுங்கிவிட்டது. வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். முள் ஆடியது, நின்றது, சரி என்று வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டேன். விழுந்த தராசைச் சோதனைக்குக் கொண்டுபோய் மறுபடி முத்திரை வாங்கியிருக்க வேண்டும். அதற்கு 1972-லேயே எடை அளவைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஒட்டும் ஸ்டிக்கர் தராசில் இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கட்கிழமை. தீபாவளிக்கு இரண்டு வாரம். கடலை மாவும் உளுந்தும் நெய்யும் பறக்கிற நேரம். கீழே சிந்திய வெந்தயத்தைக் கூட்டி அள்ளக் குனிந்தவள் நிமிரும்போது தராசின் முகம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. தட்டில் ஒன்றுமில்லை. முள் பூஜ்யத்தில் இல்லை, ஒரு கோடு தள்ளி நின்றது. எழுந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், பூஜ்யத்தில் இருப்பது போலத் தெரிந்தது. மறுபடி குனிந்தேன், ஒரு கோடு. இடம் போதவில்லை என்று தராசை நானே சாய்வாகத் திருப்பி வைத்திருந்தேன். எனக்கும் முள் சரியாகத் தெரியவில்லை, வாங்குகிறவர்களுக்கும் தெரியவில்லை.

ஆள் இல்லாத நேரம் பார்த்து, பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை எடுத்துத் தட்டில் வைத்தேன். ஒரு கிலோவைத் தாண்டி ஒரு கோடு. இரண்டு பொட்டலம் வைத்தேன். இரண்டு கிலோவைத் தாண்டி அதே ஒரு கோடு. புதுத் தட்டு பழைய தட்டைவிடக் கனம், அவ்வளவுதான் காரணம். எவ்வளவு நிறுத்தாலும் 20 கிராம் குறையும்.

வாங்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். எடைக்குத் தகுந்தபடி குறைந்திருந்தால் எல்லாருக்கும் ஒரே நஷ்டம். இது அப்படி இல்லை. ஐந்து கிலோ வெங்காயம் வாங்குகிறவருக்கு 20 கிராம் என்பது தோல் கனம். நூறு கிராம் நெத்திலி வாங்குகிறவருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. நெத்திலி என் கடையில் கிலோ 50 வெள்ளி (ரிங்கிட்). நூறு கிராமுக்கு 5 வெள்ளி வாங்கிக்கொண்டு 80 கிராம் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு வெள்ளி போயிற்று. நூறு நூறாக வாங்குகிறவர்கள் யார்? சம்பளத்துக்கு முந்தின வாரத்தில் இருப்பவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள், அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிற்சாலைப் பையன்கள். கையில் குறைவாக வைத்திருந்தவர்களிடமிருந்துதான் என் தராசு அதிகமாக எடுத்திருக்கிறது.

சரி, தெரிந்துவிட்டது. உடனே சரிசெய்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். செய்யவில்லை. திங்கள் சாயங்காலம் முதல் வியாழன் காலை வரை அந்தத் தராசிலேயே நிறுத்தேன். கூட்டத்துக்கு முன்னால் திருகாணியைத் திருப்பினால் என்ன ஏது என்று கேட்பார்கள், தீபாவளி முடியட்டும், 20 கிராம்தானே என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டு மூன்று பேருக்கு ஒரு பிடி கூடுதலாகப் போட்டேன். கூட்டம் சேர்ந்ததும் அதையும் மறந்தேன். அந்த மூன்று ராத்திரியும் கடையை அடைத்துவிட்டு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொன்னேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஓர் அம்மா வந்தார். என்னைவிட ஆறேழு வயது இளையவர். புருஷன் இல்லை, ஒரு தொழிற்சாலையில் கழுவித் துடைக்கிற வேலை. வழக்கம்போல நூறு கிராம் நெத்திலி கேட்டார். நிறுத்துக் கொடுத்தேன். பையைக் கையில் வாங்கி, விரலில் மாட்டி, கொஞ்சம் தூக்கிப் பார்த்தார்.

“இந்தத் தடவ நெத்திலி சின்னக் கண்ணா இருக்குல்ல அக்கா, அதான் கொஞ்சமா தெரியுது” என்றார்.

“ஆமா” என்றேன்.

என்னைச் சந்தேகப்பட மனம் வராமல் அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து என் கையில் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தூங்காமல் கிடந்தபோது தோட்டத்து ஞாபகம் வந்தது. நான் பிறந்து வளர்ந்தது செபராங் பிறையின் தெற்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டினார், மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், தன் மர வரிசையான நிரையை முடித்து, மங்குக் கிண்ணங்களில் இறங்கிய பாலை எடுத்துக்கொண்டு, தோளில் காண்டாக் கம்பும் இரண்டு வாளியுமாக மதியத்துக்குள் ஸ்டோருக்கு வருவார். அங்கே தோட்டத்துக் கணக்கர், கிராணி, நிற்பார். பாலில் மெட்ரோலாக் குச்சியை விட்டுத் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். அப்புறம் தராசு. அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதுவார். அப்போதெல்லாம் ராத்தல் கணக்கு.

எனக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்க அம்மாவோடு போயிருந்தேன். அம்மாவுக்கு எழுத்தும் எண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும். முள் 46-இல் நின்றது. “நாப்பத்து மூணு” என்று கிராணி சொன்னார். “நாப்பத்தாறும்மா!” என்று நான் கத்திவிட்டேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். கிராணி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, 43 என்றே எழுதினார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னது இவ்வளவுதான்: “அவரு எழுதுறதுதாண்டி நெறுவை.”

பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் இருந்தார்கள். அதற்காகத்தான் குறைத்துப் போடுகிறேன் என்று அவர் யாரிடமோ நியாயம் சொன்னாராம். என் அம்மா ஒரு நாளும் ஊற்றியவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சிறிய கோயிலில் முதல் வரிசை அந்தக் கிராணிக்குத்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர்தான் வாசகம் வாசிப்பார். குரல் நன்றாக இருக்கும். அவர் வாசிக்கும்போது அம்மா தலையைக் குனிந்தே வைத்திருப்பார். அது பக்தி என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையை என் பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! “பூசைக்குப் போனா மட்டும் போதாது” என்று புத்தி சொல்வதற்காகவே சொல்வேன். ஐம்பது வருடமாக அந்தக் கதையில் கிராணி வேறொருவர், நான் பாவப்பட்ட வெட்டுக்காரியின் மகள். அன்று ராத்திரி படுக்கையில் கிடந்து பார்க்கிறேன், தராசுக்குப் பின்னால் நிற்பது நான், பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தானாகவே சமாதானம் ஆகிப் போகிற அந்த அம்மாதான் என் தாய்.

வியாழக்கிழமை காலை கடை திறக்கும் முன்பே திருகாணியைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அரை நிமிட வேலை. அடுத்த வாரமே தராசைக் கொண்டுபோய் முத்திரையும் வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். பிள்ளைகளிடம் கோபப்பட்டேன், ஞாயிறு பூசைக்கு வரவில்லை, மாமியாரைப் பற்றிப் பேசினேன் என்று சொல்வேன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட ‘கடை’ என்ற வார்த்தை என் வாயிலிருந்து அங்கே வந்ததில்லை. நாளில் பதினாலு மணி நேரம் நான் இருக்கிற இடம் அது. கடவுளிடம் கணக்குச் சொல்லும்போது மட்டும் அதை வெளியே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

ஃபாதர் முழுவதையும் கேட்டார். அப்புறம், “யாரு யாருக்குக் கொறஞ்சுதுன்னு தெரியுமாம்மா?” என்றார்.

“கடன் வாங்குறவங்க பேரு புத்தகத்துல இருக்கு ஃபாதர். மத்தவங்கள தெரியாது.”

“தெரிஞ்சவங்களுக்குத் திருப்பிக் குடுங்க. தெரியாதவங்களோடத ஏழைங்களுக்குக் குடுங்க. மன்னிப்பு கேக்குறது ஒண்ணு, குடுக்க வேண்டியதக் குடுக்குறது ஒண்ணு. ரெண்டும் வேணும்.”

பரிகாரமாக நான் எதிர்பார்த்துப் போனது பத்து அருள்நிறை மந்திரம் சொல்வது மட்டும்தான். இதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. அவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபையின் மறைக்கல்வியிலேயே உள்ளது. நான்தான் அதை வங்கிக் கொள்ளைக்காரர்களுக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துப் படித்தேன். எரிகோ ஊர் வரி வசூல்காரர் சக்கேயுவின் கதை நமக்கெல்லாம் தெரியும். குள்ளமானவர், இயேசுவைப் பார்க்க அத்திமரத்தில் ஏறினார் என்று ஞாயிறு வகுப்பில் படம் வரைந்திருக்கிறோம். அந்த மரத்தை வரைந்தோமே தவிர, மரத்திலிருந்து இறங்கிய பிறகு அவர் சொன்னதை வரையவில்லை. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். பணத்தைக் கொடு என்று இயேசு அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதாக எழுதவில்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்றுதான் சொன்னார். சக்கேயுவுக்கே எழுந்து நிற்கத் தோன்றியது. இன்னொன்றும் அன்றுதான் கண்ணில் பட்டது. உன்மேல் அன்பு வைப்பதுபோல் அடுத்தவர்மேலும் அன்பு வை என்ற கட்டளை பழைய ஏற்பாட்டில் லேவியர் 19-ஆம் அதிகாரத்தில் 18-ஆம் வசனம். அதே அதிகாரத்தில், அதே பக்கத்தில், 35, 36-ஆம் வசனங்களில் நியாயமான தராசும் நியாயமான எடைக்கற்களும் வைத்திருங்கள் என்று இருக்கிறது. முதல் வசனம் எனக்கு மனப்பாடம். இரண்டாவதை நான் படித்ததே இல்லை.

என் கடையில் கடன் கணக்கெல்லாம் 555 புத்தகத்தில்தான். இந்த நாட்டில் மளிகைக்கடையில் கடன் வாங்கி வளர்ந்தவர்களுக்கு அந்தச் சின்னப் புத்தகத்தைத் தெரியும். வீட்டுக்கு ஒன்றாகப் பதினாலு புத்தகம். வேலைக்கு இருக்கும் பெண்ணும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். ஆகஸ்டு மழைக்குப் பிறகு நிறுத்துக் கொடுத்த ஒவ்வொரு சாமானுக்கும் 20 கிராம் என்று வரிக்கு வரி போட்டோம். நெத்திலி என்றால் ஒரு வெள்ளி, மிளகாய் வற்றல் என்றால் 40 காசு, வெங்காயம் 10 காசு.

“ஆண்ட்டி, இதெல்லாம் யாரு கேக்கப் போறாங்க?” என்றாள் அந்தப் பெண்.

கேட்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். இரண்டாவது ராத்திரி அவளே என்னைத் திருத்தினாள்: “இங்க பூண்டு விட்டுட்டீங்க.”

ஊருக்கெல்லாம் சமைத்துப் போடுகிற ஒருவர் வாரா வாரம் ஐந்து கிலோ வெங்காயம், ஒரு கிலோ வற்றல் வாங்குவார். ஒன்பது வாரத்துக்கும் சேர்த்து அவருக்கு வந்தது 4 வெள்ளி 50 காசு. தொழிற்சாலையில் கழுவித் துடைக்கும் அந்த அம்மாவுக்கு வந்தது 26 வெள்ளி 80 காசு. அந்த எண்ணை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பதினாலு புத்தகத்துக்கும் சேர்த்து 171 வெள்ளி 30 காசு. ரொக்கம் கொடுத்து வாங்கியவர்களுக்குக் குத்துமதிப்பாகத்தான் போட முடிந்தது, சுமார் 540 வெள்ளி. தெரிந்தே நிறுத்த அந்த மூன்று நாளைத் தனியாக எடுத்தேன். அதற்கு 54 வெள்ளி என்று வந்தது. சக்கேயுவின் கணக்குப்படி நான்கு மடங்கு, 216. தெரியாமல் எடுத்ததும் தெரிந்து எடுத்ததும் ஒன்றாகாது என்று பட்டது. ஆள் தெரியாதவர்களின் பணத்தை எங்கள் பங்கில் ஏழைக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளும் வின்சென்ட் தே பவுல் சபையிடம் கொடுத்தேன். கடை வாசலில் தமிழிலும் மலாயிலும் என் கைப்பட எழுதி ஒட்டினேன்: ஆகஸ்டு முதல் அக்டோபர் 8 வரை இந்தக் கடையில் தராசு 20 கிராம் குறைவாகக் கொடுத்தது, வாங்கியவர்கள் வந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளவும்.

எல்லாரும் பாராட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். சமையல்காரர் சிரித்துவிட்டு, “வச்சுக்குங்கக்கா, ஒரு தே தாரேக் காசு” என்றார். கையில் திணித்துத்தான் அனுப்பினேன். எதிர் வரிசைக் கடைக்காரர் சாயங்காலம் வந்து, “நீங்க போர்டு போட்டுட்டீங்க, இப்ப என் தராசையும் எல்லாரும் குனிஞ்சு பாக்குறாங்க” என்று வருத்தப்பட்டார். இருபது வருடமாக வாங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பம், அப்படியானால் இதற்கு முன்னாலும் எத்தனை வருடம் இப்படியோ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மலாய்க்காரப் பாட்டி மட்டும் போர்டைப் படித்துவிட்டு, வாங்கின மஞ்சள் பொடிக்கு வந்த 20 காசை வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அந்த அம்மாவிடம் கொடுக்கும்போதுதான் கஷ்டமாக இருந்தது. 26 வெள்ளி 80 காசும், புதன்கிழமை ஒரு வெள்ளிக்கு நான்கு மடங்காக 4 வெள்ளியும் ஓர் உறையில் போட்டு வைத்திருந்தேன். காரணத்தைச் சொன்னேன். உறையைப் பிரித்து எண்ணினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

“அந்தப் புதன்கிழம உங்களுக்குத் தெரியுமா அக்கா?”

“தெரியும்” என்றேன்.

உறையை மடித்து வைத்துக்கொண்டு போனார். ஒரு மாதத்துக்கு மேல் கடைப் பக்கம் வரவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிய பிறகுதான் வந்தார். இப்போதும் வருகிறார். ஒவ்வொரு தடவையும் பையை விரலில் மாட்டித் தூக்கிப் பார்க்கிறார். பார்க்கட்டும், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

என்னோடு கோயிலுக்கு வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். ஜூலை 26 திருநாளுக்கு எங்கள் புனித அன்னாள் ஆலயத்துக்கு எங்கெங்கிருந்தோ சனம் வருகிறது. கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை, எல்லாச் சமயத்தாரும் மெழுகுவர்த்தி வாங்கிக் கொளுத்துகிறார்கள். அந்தச் சமயத்தில், இயேசுவை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது, துண்டுப் பிரசுரம் கொடுக்கலாமா என்று இளையோர் கேட்கிறார்கள். ஆர்வம் நல்லது. ஆனால் வெளியூரிலிருந்து வந்து தண்ணீர் போத்தல் வாங்குகிற ஒரு தம்பி, மிச்சக் காசை எண்ணாமலே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறான் பாருங்கள், அந்தக் காசு சரியாக இருக்கிறதா என்று நாம் பார்க்கிறோமா? இனி அவன் திரும்பி வரப்போவதில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள். அவர்கள் நற்செய்தியைத் திறந்து படிப்பார்களோ என்னவோ, நான் நிறுத்துக் கொடுத்த பையைத் தினமும் வீட்டில் பிரிக்கிறார்கள்.

நானும் நேர்மையானவள் என்று என்னை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இருந்தது. 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெய் இருக்கிறதே, அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து வீட்டுச் சமையலுக்கு விடுவது, அதைப் பின்வாசலில் பெட்டியோடு கொடுத்தால் பாக்கெட்டுக்கு 4 வெள்ளி தருகிறேன் என்று ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் கேட்டார். மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த ஒரு மறுப்பைச் சொல்லிச் சொல்லியே பல வருடம் ஓட்டினேன். பெரிய சோதனை வந்தால் நமக்குத் தெரிந்துவிடுகிறது, எதிர்த்து நிற்கிறோம். ஒரு கோடு தள்ளி நிற்கிற முள் கண்ணுக்கே தெரிவதில்லை.

பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் இந்தக் கதையைச் சிலரிடம் சொன்னேன். ஒருவர் வேலை விஷயமாகப் போகாத ஊருக்கெல்லாம் பெட்ரோல் காசு எழுதியதைச் சொன்னார். ஓர் அம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தனக்கே எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கியதைச் சொன்னார். இன்னொருவர் சாலையில் போலீஸ் நிறுத்தினால் கோப்பிக் காசு கொடுத்துவிட்டு அதே கையோடு சிலுவை போட்டுக்கொள்வாராம், சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. கொடுப்பதும் குற்றம்தான் என்று ஊழல் தடுப்பு ஆணையச் சட்டமே சொல்கிறது, அது அவருக்கும் தெரியும். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பேச ஆரம்பித்ததும் எல்லாரிடமும் ஏதோ ஒன்று இருந்தது, அத்தனை நாள் யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

கடிதம் எழுதிய வாசகருக்கு: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. கடைக்குப் போனால் தராசுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள், காலித் தட்டில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று. முத்திரை ஸ்டிக்கரில் எந்த வருடம் என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். பொட்டலத்தின் உறைக்கு இரண்டு மூன்று கிராம் கூடலாம், ஒரு கோடு கூடாது. கடைக்காரர் முகம் கோணினால் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் கொடுங்கள். என் கடைக்கு வந்தாலும் அப்படியே செய்யுங்கள். சீனிப் பொட்டலம் தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தராசும் இப்போது வாங்குகிறவர்களைப் பார்த்துத்தான் நிற்கிறது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தில் வேறு எதை வெட்டினாலும் இதை மட்டும் விட்டுவிட வேண்டாம். ஒரு நேப்பாளத் தம்பி ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயங்காலம் என் கடைக்கு வருவான். நூறு கிராம் நெத்திலி, நூறு கிராம் மிளகாய் வற்றல், அரைக் கிலோ வெங்காயம். ரொக்கம்தான், ஒரு நாளும் கடன் கேட்டதில்லை. சில்லறையைக் கையில் அடுக்கி வைத்துக்கொண்டே வருவான். வாரத்துக்கு ஒன்றரை வெள்ளி, ஒன்பது ஞாயிறு. அக்டோபர் 5-க்குப் பிறகு அவனைக் காணவில்லை. கூட இருந்த பையன்களைக் கேட்டேன், கம்பெனி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது என்றார்கள், பிறையா கூலிமா என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவன் தமிழ் படிக்க மாட்டான். ஆனால் அவன் வேலை செய்யும் இடத்தில் உங்கள் பத்திரிகை படிக்கிற சூப்பர்வைசரோ செக்யூரிட்டி கார்டோ யாராவது இருக்கலாம். இருபத்தைந்து வயது இருக்கும், இடது புருவத்தில் ஒரு தழும்பு, புக்கிட் மெர்தாஜாமில் மளிகைக்கடை ஆண்ட்டி என்றால் அவனுக்குப் புரியும். 13 வெள்ளி 50 காசு கல்லாவின் இழுப்பறையில் தனி உறையில் வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குக் கடை திறப்பேன், ராத்திரி ஒன்பது வரை இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரி,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு